வலி விட்டுருச்சு ஆத்தா

அப்பா வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பம்ப்செட் பெல்ட்டில் விரல் மாட்டி நகம் பேர்ந்து வந்த அன்றைக்குக்கூட, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, அப்புறம்தான் துண்டை அவிழ்த்துக் காட்டினார். அப்படிப்பட்ட மனுஷன் 2023 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு என்னைப் போனில் கூப்பிட்டு, "காலு பொறுக்க முடியல ஆத்தா, வெட்டிப் போட்டாக்கூடத் தேவலைன்னு இருக்கு" என்றார்.

நான் கோயம்புத்தூரில் இருந்தேன். அம்மாவை வீடியோ காலில் வரச் சொல்லி, லைட்டுப் பக்கத்தில் காலைக் காட்டச் சொன்னேன். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு லேசான சிவப்பு. கெண்டைக்கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. அவ்வளவுதான். சீழ் இல்லை, வாய்விட்ட புண் இல்லை, ரத்தம் இல்லை. "பெருசா ஒண்ணும் தெரியலையேப்பா, மாத்திரையைப் போட்டுட்டுப் படுங்க, காலைல பாத்துக்கலாம்" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சரி ஆத்தா என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்ததை நம்பினேன், அப்பா வாயால் சொன்னதை நம்பவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அது ஒன்றுதான் காரணம். தோலுக்கு அடியில் கிருமி புகுந்து சதையை அழுகவைக்கிற இந்த நோயில் அந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிற இடைவெளியில்தான் ஆள் போய்விடுகிறது என்பதை அடுத்த 47 நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் கமுதிப் பக்கம். கோடை உழவுக்கு முன்னால் வரப்போரத்து வேலிக்கருவையை வெட்டிப் போடுவது அப்பாவின் வருஷ வேலை. அந்த வியாழக்கிழமை காலையில் ஒரு கருவை முள் செருப்பைத் துளைத்து வலது பாதத்தில் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்தில் கருவை முள் குத்தாத கால் ஏது? வீட்டுக்கு வந்ததும் அம்மா ஊக்கை வைத்து நெம்பி முனையை எடுத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு அப்போது 63 வயது, சுகர் வந்து பத்து வருஷம் ஆகிறது, மாத்திரை இருந்தால் போடுவார், தீர்ந்துவிட்டால் அடுத்த தடவை டவுனுக்குப் போகும்வரை இல்லை. இரண்டு வருஷமாகவே "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் உணர்ச்சி மங்கிக்கொண்டு வந்தது. முள் ஏறியதே அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். முள் ஏறினால்கூடத் தெரியாத கால் அது. அந்தக் கால் மறுநாள் ராத்திரி வெட்டிப் போடலாம் போல வலிக்கிறது என்றால், உள்ளே எவ்வளவு நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும்!

வெள்ளிக்கிழமை சாயங்காலமே குளிர்க்காய்ச்சல் வந்து தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்கு மாமா வண்டியில் கூட்டிப்போனார். அங்கே காலைப் பார்த்துவிட்டு, சீழ் வைக்கவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, ஒரு வலி ஊசியும் ஐந்து நாளைக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதே காலைப் பார்த்து நானும் அதையேதான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவே கூப்பிட்டார். குரல் தெளிவாக இருந்தது. "வலி விட்டுருச்சு ஆத்தா. மரத்துப் போன மாதிரி இருக்கு, ஆனா வலி இல்லை" என்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மாத்திரை வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். குளித்துச் சாப்பிட்டு, மிச்சமிருந்த துணியெல்லாம் துவைத்துப் போட்டேன். அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. வலி விட்டது எதனால் என்றால், வலியை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பு செத்துப்போனதனால். சதை அழுகத் தொடங்கி, தோலுக்குப் போகிற மெல்லிய நரம்புகளும் அதோடு போய், கால் மரத்துவிட்டது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்த அந்த நேரம்தான் நோய் மிக வேகமாக ஓடிக்கொண்டிருந்த நேரம்.

மத்தியானம் ஒரு மணிவாக்கில் எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்திருக்கிறாள். எனக்குத் தங்கச்சி முறை. மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ், ஊர்ப் பொங்கலுக்கு லீவில் வந்திருந்தாள். கட்டிலில் படுத்திருந்த அப்பாவின் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கிப் பார்த்தவள் ஒரு நிமிஷம் பேசவே இல்லையாம். முழங்கால்வரை வீக்கம். சிவப்பாக இருந்த இடம் நாவற்பழத் தோல் மாதிரி கருநீலமாகி, அதில் இரண்டு மூன்று கொப்புளம். கையை வைத்து அமுக்கினால் வீக்கம் குழியவில்லை, மரக்கட்டை மாதிரி இருந்தது. சிவப்பே இல்லாத தொடையில் தொட்டபோது அப்பா துடித்தார், கருத்திருந்த இடத்தில் கிள்ளியபோது அவருக்குத் தெரியவே இல்லை. அவள் ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தை ஒட்டிக் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 1.20 என்று மணியை எழுதினாள். அப்புறம் 108க்குப் போன் பண்ணினாள். வண்டி வந்தபோது மணி இரண்டு. சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் மேலே போயிருந்தது.

எனக்கு அவள்தான் பேசினாள். "அக்கா, நான் சொல்றதைப் பதறாமக் கேளுங்க. பெரியப்பாவை மதுரைக்குக் கொண்டுபோறோம். நீங்க நேரா அங்க வந்துருங்க. கையெழுத்துக்கு உங்களுக்காகக் காத்திருக்க மாட்டாங்க, காத்திருக்கவும் கூடாது." அவள் சொன்னபடியேதான் நடந்தது. ஐந்தரை மணிக்கு அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் (ஓ.டி.) கொண்டுபோனபோது பிரஷர் 80, சுகர் 412, மூத்திரம் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. காலை எடுக்க வேண்டி வந்தாலும் சம்மதம் என்ற தாளில் அம்மா கைநாட்டு வைத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நர்ஸ் பெண் வரிவரியாக வாசித்துக் காட்டி, கடைசியில் "பெரியம்மா, புரிஞ்சுதா?" என்று கேட்டபோது, "ஆளைக் குடுக்கச் சொல்லு, காலு போனாப் போகுது" என்றாளாம்.

மறுநாள் காலையில் அறுவைசிகிச்சை டாக்டர் என்னிடம் கால் மணி நேரம் பேசினார். நான் எத்தனையோ டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி உட்காரவைத்து விளக்கின ஆளைப் பார்த்ததில்லை. "கறிக்கடையில ஆட்டுக்கறி மேல வெள்ளையா ஒரு ஜவ்வு இருக்கும் பாத்திருக்கீங்களாம்மா, உரிச்சுப் போடுவாங்களே? அதே மாதிரி நம்ம உடம்புலயும் தோலு, கொழுப்பு, அதுக்குக் கீழ தசையை மூடிக்கிட்டு ஒரு ஜவ்வு இருக்கு. கிருமி அந்த ஜவ்வுக்குள்ள பூந்துடுச்சு" என்றார். அந்த ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் உடம்பின் காவல்காரர்களான வெள்ளையணுக்கள் அங்கே வேகமாக வந்து சேர முடியாது. கிருமிக்கோ அது நெடுஞ்சாலை மாதிரி, தடையில்லாமல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கலாம். மேலே இருக்கிற தோலுக்கு ரத்தம் கொண்டுவருகிற சின்னக் குழாய்கள் அந்த ஜவ்வைத் துளைத்துக்கொண்டுதான் வருகின்றன. அவை ஒவ்வொன்றாக ரத்தம் உறைந்து அடைபடும்போதுதான் தோல் கருக்கும். ஆகவே தோலில் நாம் பார்ப்பது பழைய செய்தி. தோல் கருப்பாகத் தெரியும்போது கீழே ஜவ்வு அதைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும்.

இதற்கு மருத்துவத்தில் நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ் என்று பெயர். 1952ல் வில்சன் என்ற அறுவைசிகிச்சை நிபுணர் வைத்த பெயர் அது. நம் ஊர் வார்த்தையில் சொன்னால் ஜவ்வு புரையோடுவது. புரையோடுதல் என்ற சொல்லை ஊழலுக்கும் அரசியலுக்குமே எழுதி எழுதி அதன் நிஜமான பொருளை மறந்துவிட்டோம். மேலே தோல் மூடியிருக்க, உள்ளே குடைந்துகொண்டு போவது என்பதுதான் அந்தச் சொல். அன்றைக்கு ஓ.டி.யில் அப்பாவின் காலில் இரண்டு சென்டிமீட்டர் கீறி டாக்டர் விரலை உள்ளே விட்டபோது, ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய கொழுப்பும் ஜவ்வும் எந்தத் தடையும் இல்லாமல் ஈரக் காகிதம் மாதிரிப் பிரிந்து வந்ததாம். ரத்தம் கசியவில்லை. சீழும் இல்லை. கழனித்தண்ணி மாதிரி கலங்கலாக ஒரு நீர் வந்தது. உறுதிசெய்வதற்கு அதற்கு மேல் எந்த ஸ்கேனும் வேண்டாம் என்றார்.

அந்தச் சீழ் விஷயம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. கிளினிக்கிலும் சீழ் இல்லை என்றுதான் தைரியம் சொன்னார்கள், நானும் அதைத்தான் பார்த்தேன். நம் ஊரில் சீழ் வைத்தால் கெட்டது, வைக்காவிட்டால் நல்லது என்று ஒரு கணக்கு இருக்கிறது. பத்து நாள் கழித்து டாக்டரிடம் கேட்டேன். சீழ் என்பது பெரும்பாலும் சண்டை போட்டுச் செத்த வெள்ளையணுக்கள். அப்பாவின் காலில் வளர்ந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்று, கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பரிசோதனையில் வந்திருந்தது. அந்தக் கிருமி, வெள்ளையணுக்களைக் கூப்பிடுவதற்காக நம் உடம்பு அனுப்புகிற ரசாயனத்தையே வெட்டிப்போடுகிற ஒரு நொதியைச் சுரக்கிறது. ஆள் அனுப்பச் சொல்லிப் போன கடிதத்தை வழியிலேயே கிழித்துப் போடுகிற மாதிரி. அதையும் மீறி வருகிற வெள்ளையணுக்கள் தங்கள் மரபுப்பொருளையே வலையாக விரித்துக் கிருமியைப் பிடிக்கப் பார்க்கும், அந்த வலையை அறுக்கவும் அதனிடம் ஒரு நொதி உண்டு. வெள்ளையணுவையும் திசுவையும் ஓட்டை போடுகிற நச்சுகள் தனி. மேலே போர்த்திக்கொண்டிருக்கிற உறை, நம் உடம்பிலேயே இருக்கிற ஹயலூரானிக் அமிலத்தால் ஆனது, அதனால் உடம்பு அதை அந்நியன் என்று சுலபத்தில் அடையாளம் காணாது. ஆக, சீழ் இல்லாததே சண்டையில் நம் பக்கம் தோற்றுக்கொண்டிருந்ததற்கு ஒரு அடையாளம்.

இன்னும் மோசமானது சூப்பர் ஆன்டிஜென் என்று சொல்கிற நச்சுகள். தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் நாலு பேர் கம்போடு எழுந்து வருவார்கள். சாதாரணத் தொற்றில் உடம்பு அப்படித்தான், அதற்கென்று இருக்கிற மிகச் சில டி அணுக்கள் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) மட்டும் விழிக்கும். இந்த நச்சு, பொய்யாகத் தமுக்கடித்து ஊரையே எழுப்பிவிடுகிறது. டி அணுக்களில் ஐந்தில் ஒரு பங்குவரை ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். அவை கொட்டுகிற ரசாயனத்தில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து, பிரஷர் விழுந்து, சிறுநீரகம் நின்று, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்பாவுக்குக் காலில் இருந்த நோயால் மூத்திரம் நின்றது இப்படித்தான்.

இத்தனையும் செய்கிற அந்தக் கிருமி எங்கிருந்தோ வந்த அபூர்வமான ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி கொடுப்பதும், தோலில் சிரங்கு கொடுப்பதும் அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான். நிறையப் பேர் தொண்டையில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் அது குடியிருக்கிறது. தசை தின்னும் பாக்டீரியா என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 1994ல் இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பக்கம் சில பேருக்கு அடுத்தடுத்து இந்த நோய் வந்தபோது அங்கத்திய பத்திரிகைகள் பரப்பின பெயர் அது. அந்தப் பெயரைக் கேட்டால், ஏதோ சினிமாவில் வருகிற ஜந்து, நமக்கு வராது என்று தோன்றிவிடுகிறது. அப்பா வீடு திரும்பிய மறுவருஷம், 2024 ஜூனில், ஜப்பானில் இதே கிருமி உண்டாக்குகிற நச்சு அதிர்ச்சி நோய் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு அதிகமானபோது, 48 மணி நேரத்தில் ஆளைக் கொல்லும் பாக்டீரியா என்று எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. ஐயோ பாவம் ஜப்பான்காரர்கள் என்று பத்துப் பேர் கை கூப்பியிருந்தார்கள். அதே குரூப்பில் இருக்கிற அப்பாவுக்கு வந்ததும் அதே கிருமிதான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும்தான் இதைச் செய்யும் என்றும் இல்லை. சுகர்காரர்களுக்குப் பெரும்பாலும் நாலைந்து வகைக் கிருமிகள் கூட்டுச் சேர்ந்துதான் வரும், அதில் காற்றில்லாமல் வாழ்கிற வகைகளும் இருக்கும். கல்லீரல் கெட்டவர்கள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் புண்ணோடு இறங்கினால் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒன்று உண்டு, ஒரு ராத்திரியில் ஆளைக் காலி பண்ணும். 2022ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இயன் புயல் வெள்ளத்துக்குப் பிறகு அது திடீரென்று கூடியது.

ஆனால் என் மனதை விட்டுப் போகாதது பக்கத்துக் கட்டில் பையன். இருபத்தெட்டு வயது, சுகர் கிடையாது, எந்த வியாதியும் கிடையாது. கிரிக்கெட் பந்து தொடையில் பட்டு ரத்தக்கட்டு மாதிரி ஆகியிருக்கிறது. தோல் கிழியவே இல்லை. கிருமி நுழைந்த வாசலே தெரியாமல் இப்படி வருவதும் உண்டு, அடிபட்ட தசைக்கு ரத்தத்தின் வழியாகத் தொண்டையிலிருந்தே போய்ச் சேரும் என்றார்கள். சுளுக்கு என்று நினைத்து மூன்று நாள் எண்ணெய் போட்டு நீவி, வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான். "ரொம்ப வலிக்குதுன்னு சொன்னான் அக்கா, நாங்கதான் சின்னப் புள்ள மாதிரி அழாதடான்னு சொன்னோம்" என்று அவன் அம்மா என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அட்மிட் ஆன மூன்றாம் நாள் விடியற்காலையில் அவன் போய்விட்டான்.

சரி, இவ்வளவு மருந்து இருக்கிற காலத்தில் ஏன் இப்படி என்று நானும் கேட்டேன். இந்தக் கிருமியைப் பெனிசிலின் இன்றைக்கும் கொல்லும், எண்பது வருஷமாகியும் அதற்கு எதிர்ப்புப் பழகவில்லை, அது ஒரு ஆச்சரியம்தான். ஆனால் மருந்து போய்ச் சேர ரத்தம் ஓட வேண்டும். செத்த ஜவ்வில் ரத்தக்குழாய்கள் அடைபட்டிருக்கும்போது பாட்டில் பாட்டிலாக ஏற்றினாலும் அந்த இடத்துக்குப் போகாது. இன்னொன்றும் உண்டு, 1952லேயே ஹாரி ஈகிள் என்பவர் எலிகளில் சோதித்துச் சொன்னது: பெனிசிலின் கிருமியின் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிற மருந்து, ஆனால் கிருமிகள் கணக்கில்லாமல் பெருகி நெருக்கியடித்து நிற்கும்போது அவை வளர்வதை நிறுத்திவிடும், வளராதவன் சுவர் கட்டமாட்டான், கட்டாத சுவரை எப்படி உடைப்பது? அதனால்தான் கூடவே கிளிண்டாமைசின் போடுகிறார்கள். அது கிருமி புரதம் செய்வதையே தடுக்கும், நச்சுகளும் புரதம்தான் என்பதால் நச்சு உற்பத்தியும் நிற்கும். அப்பாவுக்கு இரண்டும் போனது. ஆனாலும் டாக்டர் தெளிவாகச் சொன்னார், மருந்து துணைக்கு வருகிற ஆள்தான், காப்பாற்றுவது கத்தி, அதுவும் சீக்கிரம் போட்ட கத்தி.

அதற்கு நல்ல சாட்சி நூறு வருஷத்துக்கு முந்தியது. 1924ல் சீனாவில் பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் ஃபிராங்க் மெலெனி என்ற அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர் இந்த நோய் வந்த 20 பேரைப் பற்றி எழுதினார். ஆன்டிபயாட்டிக் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம். நீளமாகக் கீறித் திறந்துவிட்டு, செத்ததை எடுத்து, மருந்துத் தண்ணியால் கழுவிக்கொண்டே இருந்தார். இறந்தது 4 பேர். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவராக இருந்த ஜோசஃப் ஜோன்ஸ் எண்ணி வைத்த 2,642 பேரில் கிட்டத்தட்ட பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். இன்றைக்கு ஐசியூவும் வென்டிலேட்டரும் எல்லா மருந்தும் இருந்தும் நாலைந்து பேரில் ஒருவர் இறக்கிறார். மெலெனி கணக்கை விட நாம் பெரிதாக எங்கேயும் போய்விடவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மருந்து முன்னேறியிருக்கிறது, ஆனால் நோயாளி கத்திக்குப் போய்ச்சேர எடுக்கிற நேரம் குறைந்த மாதிரி இல்லை.

நேரம் போவது டாக்டர்களிடமும்தான். இதை முதல் நாளில் கண்டுபிடிப்பது அவர்களுக்கே கஷ்டம், செல்லுலைட்டிஸ் என்கிற சாதாரணத் தோல் தொற்று மாதிரியேதான் இருக்கும். 2004ல் சிங்கப்பூர் மருத்துவர்கள் ஆறு ரத்தப் பரிசோதனைகளை வைத்து மதிப்பெண் போடுகிற ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள், இன்றும் பயன்படுகிறது, ஆனால் மதிப்பெண் குறைவு என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடைசியில் சந்தேகம் வந்தால் கீறிப் பார்ப்பதுதான் வழி. சந்தேகம் வருவதற்கு முதல் காரணமாகப் புத்தகத்தில் எழுதியிருப்பது என்ன தெரியுமா? பார்ப்பதற்குத் தெரிவதை விட மிக அதிகமான வலி. அப்பா வெள்ளிக்கிழமை ராத்திரி போனில் சொன்ன அதே விஷயம். அந்த வலியையும் ஊசி போட்டு அமுக்கிவிட்டால் இருக்கிற ஒரே அடையாளமும் போய்விடும், காய்ச்சலும் சேர்ந்து மறைந்துவிடும்.

படித்தவர்கள், வசதியானவர்கள் என்றால் தப்பிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கனடாவின் கியூபெக்கைத் தனிநாடாக்கக் கேட்ட தலைவர் லூசியன் புஷார், 1994 டிசம்பரில் இந்த நோயில் இடது காலை இழந்தார். பிழைப்பாரா என்று அந்த நாடே காத்திருந்தது. அடுத்த அக்டோபரில் செயற்கைக் காலும் கைத்தடியுமாக ஊர் ஊராகப் போய்ப் பேசி, பொதுவாக்கெடுப்பில் தன் பக்கத்தை 49 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார். நம் சத்யேந்திரநாத் போஸின் கணக்கை வைத்து ஐன்ஸ்டீன் முன்கூட்டிச் சொன்ன ஒரு புதிய பொருள்நிலையைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிக் காட்டி 2001ல் நோபல் பரிசு வாங்கிய எரிக் கார்னெல், 2004ல் இதே நோயில் இடது கையைத் தோளோடு இழந்தார். மறுவருஷம் வேலைக்குத் திரும்பினார். இந்த இரண்டு பேர் கதையையும் நான் அப்பா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனில் படித்தேன். அந்த ராத்திரிகளில் எனக்குப் பிடிமானமாக இருந்தது, அவர்கள் இழந்தது எவ்வளவு என்பதில்லை, அதற்கு அடுத்த வருஷம் அவர்கள் இருந்தார்கள் என்பது.

அப்பாவுக்குக் கால் போகவில்லை. கணுக்காலிலிருந்து தொடைப் பாதிவரை ஒரு பக்கம் முழுக்கச் செத்ததை எடுத்தார்கள். மறுநாள் திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் பார்த்து இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள், நாலாம் நாள் இன்னொரு தடவை. முதல் தடவை டிரஸ்ஸிங் பிரித்தபோது நான் பார்த்தேன். தசை தசையாக, சிவப்பாக, வரைபடத்தில் இருப்பது மாதிரி. டாக்டர் அதைப் பார்த்து, "நல்லா ரத்தம் வருதும்மா, சந்தோஷப்படுங்க" என்றார். மூன்று வாரம் கழித்து இடது தொடையிலிருந்து தோலை மெல்லிசாகச் சீவியெடுத்து ஒட்டினார்கள். வெட்டின காலை விட, தோல் எடுத்த தொடைதான் எரிகிறது என்று அப்பா சொன்னார். அப்போது யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. நர்ஸ் உடனே வந்து மருந்து கொடுத்தார்.

இப்போது எம்.சி.ஆர். செருப்பு போடுகிறார், சுகர்காரர்களுக்கென்று விற்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அது நம் மண்ணில் நடந்தது. கொல்லிமலையில் 1914ல் பிறந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளைப் பார்த்தார். அவர்களுக்கு விரல்கள் தேய்ந்து போவதற்கு நோய் சதையை அரிப்பது காரணமில்லை, நரம்பு செத்து வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் குத்திக்கொண்டும் அழுத்தி நடந்தும் அவர்களே அறியாமல் சேதப்படுத்திக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். வலி தெரியாத காலுக்காக வேலூரில் அவரும் கூட இருந்தவர்களும் செய்ததுதான் அந்த வகைச் செருப்பு. பிறகு அமெரிக்கா போய், சுகர்காரர்களின் காலுக்கும் அதே காரணம், அதே கவனிப்பு என்று காட்டினார். வலி இல்லாத கால்தான் பயப்பட வேண்டிய கால் என்று அவர் தமிழ்நாட்டில் வைத்துச் சொல்லி எழுபது வருஷம் ஆகப்போகிறது, நானோ வலி விட்டுவிட்டது என்று கேட்டு நிம்மதியாகத் துணி துவைத்தேன்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் இருக்கிறது என்று 2023ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. அதில் எத்தனை பேர் வெறுங்காலோடு வயலில், கட்டட வேலையில், கோயில் பிராகாரத்தில் நடக்கிறார்கள்! எங்கள் ஊருக்கு இப்போது மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, அப்பாவும் ஒழுங்காகப் போடுகிறார். மாத்திரை கொண்டுவருகிற பெண்ணிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மாத்திரை கொடுக்கும்போது காலையும் ஒரு தடவை பாருங்கள் தாயி, வலிக்கிறது என்று யாராவது சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சின்னக் காயத்தோடு, அல்லது காயமே இல்லாமல், தாங்க முடியாத வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், சிவப்புக்கு வெளியேயும் தொட்டால் துடித்தால், வீக்கம் கட்டை மாதிரி இருந்தால், நிறம் கருநீலமானால், கொப்புளம் வந்தால், திடீரென்று வலி விட்டு மரத்துப்போனால், தலைசுற்றி மூத்திரம் குறைந்தால், அறுவைசிகிச்சை வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அந்த நேரமே போங்கள், ராத்திரி என்று பார்க்காதீர்கள். இதில் எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் இரண்டு போதும். போனதும் "பார்க்கிறதுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வலி ரொம்ப அதிகம்" என்ற வரியை அப்படியே சொல்லுங்கள். அவர்களுக்கு அது தேவைப்படுகிற வரி.

அம்மா இப்போது சாமி மாடத்தில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒரு நீலப் பால்பாயிண்ட் பேனா வைத்திருக்கிறாள். போன மாதம் அப்பாவுக்கு இடது கணுக்காலில் தட்டு வண்டி உரசித் தோல் லேசாக வழன்று, சுற்றிலும் சிவந்திருந்தது. அம்மா அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, பேனாவை விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நெட்டாகப் பிடித்து, சிவப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறாள். மணி எழுதத் தெரியாது, அதனால் எனக்குப் போன் பண்ணி, "இப்ப மணி என்ன, ஞாபகம் வச்சுக்க" என்றாள். ஆறு நாற்பது. ஒவ்வொரு மணிக்கும் நான் கூப்பிட்டேன். பத்து மணிக்கு, "உள்ளதான் இருக்கு, கோட்டைத் தொடலை. வலியும் இல்லைங்கிறார்" என்றாள். கிள்ளிப் பார்க்கச் சொன்னேன். அப்பா "ஆ" என்று கத்தியது எனக்குக் கேட்டது.